கடைசி ஐந்து செடிகள்

வேடசந்தூர் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதம்தான் இந்த முறை வந்தவற்றில் நீளமானது. எழுதியவர் ஒன்றரை ஏக்கர் மானாவாரிச் செம்மண்ணில் சோளமும் தட்டைப்பயறும் விதைத்துப் பிழைக்கும் ஒரு தாயார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ‘‘விதைச்ச இருபதாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாள் ஒரு களை. ஆறு வருசமாத் தவறினதே இல்ல. ஆனாலும் பார்த்தீனியம் வருசத்துக்கு வருசம் கூடிக்கிட்டேதான் போகுது. போன தையில சோளம் வித்த காசு, களையெடுத்த கூலிக்கே சரியாப் போச்சு. நிலத்தைச் சும்மா போட்டுட்டு என்கூட வந்துடும்மான்னு மகன் கூப்பிடுறான். ரெண்டு வருசம் தரிசாப் போட்டா களை தானா அடங்கிடுமா?’’ என்று கேட்கிறார்.

அடங்காது. பார்த்தீனியம் நிற்கிற நிலத்தைத் தரிசாக விடுவது, அதன் பேருக்கே பட்டா எழுதிக் கொடுப்பது மாதிரி. பயிரின் நிழலும் இல்லை, களைக்கொத்தும் இல்லை என்றால் ஒவ்வொரு மழைக்கும் முளைத்து, பூத்து, விதையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்பது தாயும் மகனும் பேசி முடிவெடுக்க வேண்டியது. ஆனால், களைக்குப் பயந்து மட்டும் நிலத்தை விட வேண்டியதில்லை. அந்த அம்மாவின் உழைப்பிலும் குறையில்லை. அவர் களையெடுக்கும் நாளும், களை விதை போடும் நாளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. நிலத்தில் நூறு பார்த்தீனியச் செடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு களையெடுப்பில் 95 செடிகள் போய்விடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றால் அது நல்ல களையெடுப்பு. எந்த ஆளையும் குறை சொல்ல முடியாது. மீதி 5. நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியம் 15,000 விதைகளுக்கு மேலும் போடும். கணக்குக்கு 10,000 என்றே இருக்கட்டும். ஐந்து செடிக்கு 50,000 விதைகள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எறும்பு தின்றும், அழுகியும், முளைத்துக் கருகியும் போனாலும் 500 செடிகள் மிஞ்சும். நூறில் தொடங்கி, தொண்ணூற்றைந்தைப் பிடுங்கிய பிறகும் அடுத்த வருடம் ஐந்நூறு!

அந்த ஐந்தில் நான்கையும் பிடுங்கி, ஒன்றே ஒன்று தப்பினால்? 10,000 விதை, அதில் 100 செடி. எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஒன்றும் தப்பாமல் பார்த்தால்தான் கணக்கு கீழே இறங்கும். அதாவது, முதலில் பிடுங்கும் தொண்ணூற்றைந்து செடிகள் சோள விளைச்சலைக் காப்பாற்றுகின்றன. கடைசியில் விட்டுப்போகும் ஐந்து செடிகள்தான் அடுத்த வருடக் கூலியை முடிவு செய்கின்றன.

சோளத்துக்கு முதல் ஒன்றரை மாதம்தான் களையோடு போட்டி கடுமை. அதற்கு இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் சரியான நாட்கள். பிறகு முளைக்கும் களையால் பயிருக்கு அதிக நட்டமில்லை என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அறுவடை முடிந்து தட்டையைக் கட்டிப் போர் போட்டதும், நிலத்துப் பக்கம் போவதே நின்றுவிடுகிறது. தை, மாசியில் மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்துக்கொண்டு பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பது அப்போதுதான்.

பூப்பதற்கு அது யாரிடமும் நாள் கேட்பதில்லை. மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான பழைய நெல் ரகங்கள் பகல் பொழுது குறுகும் வரை காத்திருந்துதான் கதிர் தள்ளும். பார்த்தீனியத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. முளைத்த நான்கு வாரத்தில்கூடப் பூ எடுத்துவிடும். ஈரம் தாராளமாக இருந்தால் இடுப்புக்கு மேல் வளர்ந்து ஆயிரக்கணக்கில் விதை போடும். ஈரம் வற்றினால் ஒரு சாண் உயரத்திலேயே நாலு பூ பூத்து, கிடைத்தது லாபம் என்று முடித்துக்கொள்ளும். இன்னும் வளரலாம் என்று காத்திருந்து, வறட்சியில் விதையில்லாமல் செத்த செடிகளுக்கு வாரிசு இல்லை. அவசரமாகப் பூத்தவற்றின் வாரிசுகள்தான் இன்று எல்லாச் சாலையோரத்திலும் நிற்கின்றன. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1950-களில் புனே பக்கம் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கி, சில பத்தாண்டுகளில் நாட்டையே சுற்றி வந்துவிட்டது.

‘போன வருடம் ஒன்றைக்கூட விடாமல் பிடுங்கினோமே, இந்த வருடமும் முளைத்திருக்கிறதே’ என்ற புலம்பல் எல்லா ஊரிலும் உண்டு. முளைத்தவை போன வருடத்து விதைகளாக இருக்க வேண்டியதில்லை. மண்ணின் மேலே கிடக்கும் பார்த்தீனிய விதை சீக்கிரம் முளைக்கும், இல்லாவிட்டால் சாகும். உழவில் கீழே புதைந்த விதையோ வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இப்படி எத்தனை வருடம்தான் கிடக்கும் என்ற கேள்வி விவசாயிகளுக்குப் பழைய கேள்விதான். அமெரிக்காவின் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் பீல், இதற்காகவே 1879-ல் ஒரு வேலை செய்தார். அந்தப் பகுதியில் சாதாரணமாக முளைக்கும் 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 என எண்ணி, ஈர மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டார். தண்ணீர் தேங்காதபடி பாட்டில்களின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து மண்ணில் புதைத்தார். ஐந்து வருடத்துக்கு ஒரு பாட்டிலைத் தோண்டி விதைத்துப் பார்ப்பது திட்டம். அவர் காலமான பிறகும் மற்றவர்கள் அதைக் கைவிடவில்லை. இடைவெளியைப் பத்து வருடமாக்கி, பிறகு இருபது வருடமாக்கினார்கள். கடைசியாகத் தோண்டியது 2021 ஏப்ரலில், அதுவும் இருட்டு நேரத்தில், வெளிச்சம் பட்டால் விதை உசுப்பப்பட்டுவிடும் என்பதால். 140 வருடங்களைத் தாண்டிய அந்த விதைகளில் வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் மட்டும் முளைத்தன. இன்னும் சில பாட்டில்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசிப் பாட்டிலின் முறை 2100-ல்.

இதைக் கேட்டு மலைத்துப் போக வேண்டாம். பீல் புதைத்த 21 வகைகளில் பெரும்பாலானவை சில பத்தாண்டுகளுக்குள் செத்துப்போயின. அதுவும் உழவே படாமல், பாட்டிலுக்குள் பத்திரமாக இருந்தும்! மழையும் புழுவும் பூஞ்சையும் உழவும் உள்ள வயலில் விதை இன்னும் வேகமாகக் குறையும். புது விதை சேராமல் இருந்தால் பழைய இருப்பு கரைந்துகொண்டேதான் வரும்.

ஒரே மழைக்கு எல்லா விதையும் ஏன் முளைத்துவிடுவதில்லை? முதல் மழை பெய்து, பின் மழை ஏமாற்றிய வருடம் எத்தனை மானாவாரிக்காரரைக் கடனாளியாக்கியிருக்கிறது! கையிலிருந்த விதை முழுவதையும் முதல் மழைக்கே போட்டவர் திண்டாடுவார். பாதியைக் குதிரில் வைத்திருந்தவர் இரண்டாம் மழைக்கு விதைப்பார். பாலைவனத்துச் செடிகளும் இதையே செய்கின்றன என்று இஸ்ரேலைச் சேர்ந்த டான் கோஹன் 1966-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். மழை எவ்வளவுக்கு நிச்சயமில்லையோ, அவ்வளவுக்கு அதிக விதையை மண்ணில் இருப்பு வைக்கும் செடிதான் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அரிசோனா பாலைவனத்தில் லாரன்ஸ் வெனபிளின் குழு பல வருடம் செடிகளை எண்ணிப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, மருளூமத்தை முள்காய், அதற்குள் இரண்டு விதைகள் உண்டு. ஒன்று முதலில் முளைக்கும். மற்றது பெரும்பாலும் தள்ளிப்போடும். ஒரே காய்க்குள் நடக்கும் பாகப்பிரிவினை!

வேடசந்தூர் அம்மா செய்யக்கூடியது இதிலிருந்தே கிடைக்கிறது. அறுவடைக்குப் பிறகு கூலி ஆள் வைத்து மூன்றாவது களை எடுக்கச் சொன்னால் அவர் சிரிப்பார். அது தேவையுமில்லை. நாற்பதாம் நாளுக்குப் பிறகு வாரம் ஒரு காலை, கையில் சாக்கோடு நிலத்தை ஒரு சுற்று சுற்றினால் போதும். பூ வரப்போகும் செடிகளை மட்டும் வேரோடு பிடுங்குவதுதான் அந்தச் சுற்றின் வேலை. மாசி வரைக்கும் இதை விடக்கூடாது. மேலே அறுத்துவிட்டுப் போனால் அடியிலிருந்து கிளைத்து, இன்னும் தாழ்வாகப் பூக்கும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்துக் காய் பிடித்ததை வரப்பில் வீசினால் வரப்பே நாற்றங்காலாகிவிடும். அதைச் சாக்கில் போட்டு, தனிக்குழியில் ஆழமாகப் புதைப்பது நல்லது. பார்த்தீனியம் தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சிரைப்பும் தரும் என்பதால் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடக்கூடாது. சாக்குப்பையைக் கையில் சுற்றிக்கொண்டாலும் சரி.

கோடை மழைக்கு முளைப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அது மண்ணிலிருக்கும் இருப்பு தானாக வெளியே வரும் நேரம். முளைக்கவிட்டு, பூக்குமுன் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும். அடுத்த மழைக்கும் அப்படியே. விதைப்புக்கு முந்தைய உழவு ஆழமாகப் போனால் கீழே தூங்கும் பழைய விதைகள் மேலே வந்து வெளிச்சத்தைப் பார்க்கும்; எடுத்த பாடு வீணாகும்.

வெளிச்சம் என்றதும் இன்னொன்று. பல களை விதைகள் நல்ல வெயிலில் முளைக்கும். பச்சை இலையின் ஊடே வடிந்து வரும் வெளிச்சம் பட்டால் முளைக்காது. தலைக்கு மேல் வேறொரு செடி இருப்பதை விதை அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. ஆகவே, சோள வரிசைக்கு நடுவே தட்டைப்பயறு சீக்கிரம் தரையை மூடுமானால் அது கூலி வாங்காத ஆள். அவர் தட்டைப்பயறைத் தனிப் பாத்தியில் போடுவதாக எழுதியிருக்கிறார். ஊடுபயிராக மாற்றிப் பார்க்கலாம்.

மகன் களைக்கொல்லி வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாராம். தெளிக்கும் அன்றைக்கு முளைத்து நிற்பதைத்தான் அத்தகைய மருந்து கொல்லும். மண்ணில் தூங்குவதை அல்ல. பக்கத்தில் தட்டைப்பயறு இருக்கும்போது அதற்கும் ஆபத்து. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-ல் பெங்களூரு பக்கம் விடப்பட்ட வண்டு, மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைத் தின்னும். அதைக் கண்டால் கொல்லாமல் விடுவது நல்லது. ஆனால், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

முதல் வருடம் வித்தியாசம் தெரியாது. பழைய இருப்பு முளைக்கத்தான் செய்யும். ஒன்றரை ஏக்கரையும் ஒரே மூச்சில் மீட்க நினைக்காமல், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரை ஏக்கரில் இந்த மாசி வரை ஒரு பூவையும் விதையாக விடாமல் பார்த்துவிட்டு, மகனுக்குப் பதில் சொல்லலாம்.

பாபநாசம் வாசகர் ஒருவரின் கேள்வி வேறு மாதிரி: ‘‘நாற்றிலேயே குதிரைவாலிப் புல் கலந்து வருது. களை எடுக்கிறவங்களுக்கே அடையாளம் தெரியல. கதிர் வந்த பிறகுதான் தெரியுது. ஏன் இப்படி?’’

அடையாளம் தெரியாதபடி அதை ஆக்கியது களையெடுத்த கைகளேதான். தண்டு சிவந்தும் படர்ந்தும் இருந்த புல்லையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி எறிந்தார்கள். நெல் மாதிரியே பச்சையாக, நிமிர்ந்து நின்றது கண்ணுக்குத் தப்பி விதை போட்டது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இந்தப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, இந்த வேஷம் சுமார் 1,000 வருடங்களுக்கு முன் உருவானது என்று சொல்கிறது.

வேஷத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலையைத் தண்டிலிருந்து மெல்லப் பிரித்து, இலை பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் சின்னக் காது மாதிரி மயிரோடு இருக்கும். குதிரைவாலியில் இரண்டுமே இல்லை, மொட்டையாக இருக்கும். நாற்றுப் பறிப்பவர்களுக்கு இதை ஒரு முறை காட்டினால் போதும். வரிசை நடவு செய்து உருளைக் களைக்கருவி ஓட்டினால் வேஷமே பலிக்காது. கருவி முகத்தைப் பார்ப்பதில்லை, வரிசைக்கு நடுவே நிற்பதையெல்லாம் அமுக்கிவிடுகிறது. வரிசைக்குள்ளேயே நிற்பதை மட்டும் கையால் எடுக்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து ஒரு வரிக் கேள்வி: ‘‘அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நிலக்கடலை செடியிலேயே முளைத்துவிடுகிறது. விதையில் கோளாறா?’’

கோளாறு இல்லை. விதைத்த எல்லாம் ஒரே நாளில் முளைக்க வேண்டும் என்று மனிதர்கள் காலங்காலமாகத் தேர்ந்தெடுத்ததில், பல பயிர்கள் விதைத் தூக்கத்தை இழந்துவிட்டன. கொடிக்கடலைக்கு இன்னும் அந்தத் தூக்கம் உண்டு. கொத்துக்கடலையில் பெரும்பாலான ரகங்களுக்கு இல்லை, அல்லது சில நாட்கள்தான். கொத்து ரகம் போட்டவர், நாலைந்து செடியைப் பிடுங்கித் தோலின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்து, பெரும்பாலான காய்களில் கறுத்திருந்தால் விலைக்காகவோ ஆளுக்காகவோ காத்திருக்காமல் மழைக்கு முன் பிடுங்கிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அறுவடை விழும் பட்டம் என்றால், ரகம் வாங்கும்போதே விதை உறக்க நாள் எத்தனை என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குவது நல்லது.