முகம் மாறிய கடிகாரங்கள்
முக்குளிப்போர் அணிந்த பழங்கடிகாரங்களைச் சேர்க்கும் ஆவல் நம் மாதுங்கா, செம்பூர் அன்பர் சிலரையும் பற்றியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்த சுவிஸ் நிறுவனமாகிய ஃபாவர்-லூபா, 1968-இல் ‘பாத்தி’ என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. பின்மூடித் துளைகளின் வழியே நீர் புகுந்து மென்தகட்டை அழுத்த, முள்ளொன்று ஆழத்தைக் காட்டும். அரிய பொறிதான்!

ஆயின் சோர் பஜாரில் மின்னும் பழங்கடிகாரங்கள் பல, முகத்தட்டில் புதுவண்ணம் பூசப்பெற்றவை. அயல்நாட்டுச் சேகரிப்போர் இத்தகையவற்றிற்கு நம் நகரின் பெயரையே சூட்டிவிட்டனர். பெருமை தரும் புகழன்று. பூசுதல் குற்றமன்று, மறைத்து விற்றலே குற்றம்.

அக்காலத்து ஒளிப்பூச்சில் பெரிதும் பயன்பட்ட டிரிட்டியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகத் தேயும். இன்றும் இருளில் சுடர்விடுமாயின், பூச்சு புதியதென ஐயுறுக. ஒரு திங்கள் ஊதியத்தைக் கொடுக்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இற்றிருக்கும். அதை நம்பிச் சௌபாத்திக் கடலில் இறங்க வேண்டா.