கணக்கில் வராத கண்ணீர்

விவாகரத்து பெருகிவிட்டது என்று ஒரு சாராரும், முஸ்லிம்கள் நினைத்தவுடன் தலாக் சொல்கிறார்கள் என்று மற்றொரு சாராரும் மேடைதோறும் முழங்குகின்றனர். உண்மை நிலை என்ன?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணவிலக்குப் பெற்றோரும் பிரிந்து வாழ்வோரும் ஒரே பிரிவாக எண்ணப்பட்டனர். 2011ல்தான் தனித்தனியே எண்ணினார்கள். அப்போது நாடு முழுவதும் மணவிலக்குப் பெற்ற பெண்கள் சுமார் 9 லட்சம். விடுதலையும் இன்றி வாழ்வும் இன்றிப் பிரிந்து கிடந்த பெண்களோ 23 லட்சத்துக்கும் மேல்! மணவிலக்கு விகிதம் முஸ்லிம் பெண்களிடையே கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிந்து கிடக்கும் அவலம் இந்து, முஸ்லிம் இருவரிடமும் ஏறக்குறைய சமமே.

நமது கள்ளக்குறிச்சியின் நிலை? 2019ல்தான் இது விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்போ உரிய காலத்தில் நடக்கவில்லை. நீதிமன்ற ஏடுகளைப் புரட்டினாலும் முழு விவரம் கிடைக்காது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 1955ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பொருந்தாது. அங்கே வழக்காறுதான் சட்டம். மலைக்குக் கீழே நமது பிரிவினைகளில் பலவும் ஜமாஅத்தோடு முடிந்துவிடுகின்றன.

ஏட்டில் ஏறாததால் நஷ்டம் யாருக்கு? பெண்ணுக்குத்தான். இத்தா காலத்துக்குள், அதற்குப் பின்னருள்ள வாழ்க்கைக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2001ல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு வாங்க ஆதாரம் வேண்டாமா? காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே என்று 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. 2019ல் கொண்டுவந்த முத்தலாக் சட்டம் மூன்றாண்டுச் சிறை என்று மிரட்டுகிறது; தலாக்கே சொல்லாமல் மனைவியைத் தாய் வீட்டில் தள்ளிவிட்டுப் போகிறவனை அது தொடுவதில்லை!

ஒன்று நல்ல முறையில் வாழ்வது, அல்லது நல்ல முறையில் விடுவிப்பது. துன்புறுத்துவதற்காகத் தடுத்து வைப்பது கூடாது என்பதே திருக்குர்ஆன் 2:231 காட்டும் வழி. அப்படியிருக்க, ஆண்டுக்கணக்கில் வாசற்படியில் காத்திருக்கும் நம் சகோதரிகளுக்கு என்ன பதில்?

ஜமாஅத் நிர்வாகிகளே! 2009ம் ஆண்டு தமிழகச் சட்டப்படி ஒவ்வொரு நிக்காஹையும் அரசுப் பதிவேட்டிலும் பதியச் செய்யுங்கள். பிணக்கு வந்தால் 4:35 சொல்வது போல் இரு தரப்பிலும் நடுவரை அமர்த்தி, கெடு வைத்துத் தீர்த்து வையுங்கள். நிக்காஹ் தப்தரில் மணமுறிவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

திருமண விருந்தில் முதல் வரிசையில் அமர்கிற நாம், அந்தப் பெண் திரும்பி வரும் நாளில் எங்கே இருக்கிறோம்? சிந்திப்போமாக!