எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள்

பணம் கட்டவோ, விண்ணப்பம் அனுப்பவோ ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். பக்கம் வருவதற்குப் பதில், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரிக்கிறது. அவர்களுக்கு போன் செய்தால், "அது ஒன்றுமில்லை சார், அட்வான்ஸ்டு என்பதைக் க்ளிக் செய்து உள்ளே போய்விடுங்கள்" என்கிறார்கள். ஒரு கல்லூரியின் விண்ணப்பக் குறிப்பில் இதை முதல் படியாகவே அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். சர்வர்களை அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது மிகத் தவறான யோசனை.

ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரியைத் திறந்ததும் சர்வர் தன் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதிலுள்ள பெயர் முகவரியோடு பொருந்துகிறதா, தேதி முடிந்துவிட்டதா, வழங்கியது நம்பத்தக்க அமைப்பா என்று பிரவுசர் சோதிக்கும். ரயில் நிலைய வை-ஃபையில் ஒருவன் நடுவில் புகுந்து போலிச் சான்றிதழைக் காட்டினாலும் இதே எச்சரிக்கைதான் வரும். சர்வர்காரரின் சோம்பலா, திருடனின் கைவரிசையா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. தாண்டிப் போய்ப் பழகியவர் பாஸ்வேர்டைத் திருடனிடமே கொடுத்துவிடுவார்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். கம்ப்யூட்டரின் தேதி சரியாக இருக்கிறதா? மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடங்கள் பின்னே போய்விடும். அப்போது எல்லா வெப்சைட்டுகளும் எச்சரிக்கும். ஒரே ஒரு வெப்சைட் மட்டும் எச்சரித்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

அங்கே என்ன நடந்திருக்கும்? ஜாவாவில் எழுதப்பட்ட வெப்சைட்டுகள் பலவும் டாம்கேட் என்ற இலவச சர்வரில் ஓடுகின்றன. அதற்குச் சான்றிதழ் தயாரிக்க, ஜாவாவுடன் வரும் கீடூல் என்ற புரோகிராமைப் பயன்படுத்துவார்கள். அது கேட்கும் முதல் கேள்வியே வில்லங்கமானது: உங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ன? புதிதாக வேலைக்கு வந்தவர் தன் பெயரையே டைப் செய்துவிடுவார். அங்கே வெப்சைட்டின் பெயரைத் தர வேண்டும். இப்போதைய பிரவுசர்களுக்கு அதுவும் போதாது. மாற்றுப் பெயர்கள் என்ற தனிப் பகுதியிலும் அது இருந்தாக வேண்டும். எத்தனை நாள் என்று குறிப்பிடாவிட்டால் கீடூல் 90 நாட்களுக்குத்தான் சான்றிதழ் தரும். அதுவும் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழ். (டாம்கேட் எதிர்பார்க்கும் பாஸ்வேர்டு 'சேஞ்ச்இட்', அதாவது 'இதை மாற்று'. அதைக்கூட மாற்றாமல் விடுபவர்கள் உண்டு!)

முறையாகச் சான்றிதழ் வாங்கியவர்களும் இடைநிலைச் சான்றிதழைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அப்போது அலுவலகக் கம்ப்யூட்டரில் வெப்சைட் ஒழுங்காகத் திறக்கும். உங்கள் வீட்டில் எச்சரிக்கை வரும். அங்கே பிரவுசர் அதே இடைநிலைச் சான்றிதழை வேறு வெப்சைட்டில் ஏற்கெனவே பார்த்து நினைவில் வைத்திருக்கலாம். "எங்களுக்கு நன்றாகத்தானே வருகிறது" என்று அவர்கள் சொல்வதன் ரகசியம் பல நேரங்களில் இதுதான்.

செலவாகும் என்ற சாக்கும் இனி செல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாகத் தருகிறது; தானாகவே புதுப்பிக்கும் வசதியும் உண்டு. புதிய சான்றிதழை வைத்தபின் டாம்கேட்டை அதைப் படிக்க வைக்கவும் வேண்டும். இல்லையென்றால் நினைவில் இருக்கும் பழையதையே அது காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் உள்ளே போகாமல், பிரவுசர் காட்டும் பிழை வரியைக் குறித்து அவர்களுக்கு அனுப்புங்கள். குரோமில் 'டேட் இன்வேலிட்' என்றிருந்தால் தேதிக் கோளாறு. 'காமன் நேம் இன்வேலிட்' என்றால் பெயர் பொருந்தவில்லை. 'அதாரிட்டி இன்வேலிட்' என்றால் தானே கையெழுத்திட்ட சான்றிதழாகவோ, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டதாகவோ இருக்கலாம். சரிசெய்துவிட்டோம் என்று பதில் வரும்வரை பணத்தை நேரில் போய்க் கட்டுங்கள்.