கேட்டு வாங்கப்படும் ராஜினாமாக்கள்

அருமனையிலிருந்து பனச்சமூடு, வெள்ளறடை வழியாகப் போனாலும் சரி, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போனாலும் சரி, திருவனந்தபுரம் அன்றாடம் போய்வரும் தூரம்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் இந்த மலையோர ஊர்களுக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். 2022 அக்டோபரில் அங்கே நடந்ததை அண்டை மாநிலச் செய்தி என்று கன்னியாகுமரி மாவட்டம் தள்ளிவிட முடியாது.

அந்த மாதம் கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ் 2,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது அதில் ஏறக்குறைய 50,000 பேர் வேலை பார்த்தார்கள். மூடப்படவிருந்த டெக்னோபார்க் அலுவலகத்தில் 170-க்கும் மேற்பட்டவர்களிடம், அவர்களாகவே ராஜினாமா எழுதித் தரும்படி கேட்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஊழியர்கள், ஐ.டி. ஊழியர் அமைப்பான ‘பிரதித்வனி’யின் துணையோடு கேரளத் தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டியைச் சந்தித்தார்கள். நிறுவனத்தின் தரப்போ, பெங்களூருவுக்கு மாறிப்போக வாய்ப்புத் தந்தோம் என்றது. நவம்பர் தொடக்கத்தில் முதல்வர் பினராயி விஜயனுடன் நிறுவனர் பைஜு ரவீந்திரன் பேசிய பிறகு, அலுவலகத்தை மூடும் முடிவு கைவிடப்பட்டது. அதே வாரத்தில்தான் கால்பந்து வீரர் மெஸ்ஸி அந்த நிறுவனத்தின் தூதராக அறிவிக்கப்பட்டார்.

ராஜினாமாவை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? நிறுவனமே ஆளைக் குறைத்தால் சட்டம் குறுக்கே வரும். ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்காக, 15 நாள் சம்பளத்தை நிறுவனம் தனி நிதியில் கட்ட வேண்டும். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று ஊழியர் இரண்டு வரி எழுதிவிட்டால் இவை எதுவும் கிடையாது. அனுபவச் சான்றிதழ் கிடைக்காமல் போகுமோ, அடுத்த நிறுவனத்தில் கேட்பார்களோ என்ற பயத்தில் இருபத்தைந்து வயதுப் பிள்ளை அந்த இரண்டு வரியை எழுதிவிடுகிறது.

பைஜூஸில் வேலையில் இருந்த காலமும் நிம்மதியாக இல்லை. கல்வி நிறுவனம் என்று நம்பிச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் பாடம் நடத்தவில்லை, விற்பனை செய்தார்கள். காலையிலிருந்து பெற்றோருக்குப் போன் போட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேள்வி கேட்டு, அது திணறுவதைப் பெற்றோருக்குக் காட்டி, அந்தக் கவலை ஆறுவதற்குள் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வார டார்கெட் முடியாவிட்டால் வேலை நிச்சயமில்லை. 2021-இல் பிபிசி வெளியிட்ட புலனாய்வில் முன்னாள் ஊழியர்கள் இந்த நெருக்கடியைத்தான் விவரித்தார்கள், நிறுவனம் மறுத்தது. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விற்பனை முறை குறித்து விளக்கம் கேட்டு பைஜு ரவீந்திரனை அழைத்தது. பிள்ளையின் படிப்புக்காகப் பயந்த பெற்றோரும், வேலைக்காகப் பயந்த ஊழியரும் ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னர் நடந்தவை இன்னும் மோசம். வருங்கால வைப்பு நிதிப் பாக்கி 2023-இல் சர்ச்சையான பிறகே நிறுவனம் சுமார் 123 கோடி ரூபாய் கட்டியது. 2024 தொடக்கத்தில் சம்பளம் தள்ளிப்போனது. ஏப்ரலில் பலருக்கு நோட்டீஸ் காலம்கூட இல்லாமல் போனிலேயே வேலை போன செய்தி சொல்லப்பட்டதாக ஊழியர்கள் கூறினார்கள். கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய்க்கான வழக்கில், ஜூலை 16 அன்று நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது.

நட்டத்தில் ஓடும் நிறுவனம் ஆளைக் குறைக்கக் கூடாதா என்று கேட்கலாம். குறைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. குறைத்தால் இன்ன தொகை கொடு என்றுதான் சொல்கிறது. 2020-21-இல் 4,588 கோடி ரூபாய் நட்டம் காட்டிய பிறகும் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு விளம்பரதாரராக இருக்க முடிந்த நிறுவனத்துக்கு, அந்தத் தொகை தாங்க முடியாத சுமை அல்ல.

கல்வித் துறையில் சட்டத்தின் வேலியிலேயே ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அதன் பாதுகாப்பு ‘தொழிலாளி’களுக்குத்தான்; ஆனால் ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பிப்பது உயர்ந்த பணி என்பது அதன் அடிப்படை. அந்த உயர்வு, செயலியில் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரிக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. அவர் வழக்குப் போட நினைத்தால் அந்தத் தீர்ப்பே முதல் தடையாக நிற்கிறது.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. ரப்பர் பால் வெட்டிய காசில் பி.எட். வரை படிக்கவைத்த வீடுகள் அருமனையைச் சுற்றி எத்தனையோ. அரசுப் பள்ளி வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்வது கோச்சிங் மையங்களிலும் கல்விச் செயலி நிறுவனங்களிலும்தான்.

தமிழ்நாடு அரசு தலையிட முன்னுதாரணம் உண்டு. சென்னையில் டி.சி.எஸ். ஆட்குறைப்புப் பிரச்சினை வெடித்த பிறகு, ஐ.டி. ஊழியர்களுக்கும் அன்றைய தொழில் தகராறு சட்டம் பொருந்தும் என்று 2016-இல் அரசு தெளிவுபடுத்தியது. கல்வி நிறுவனங்களின் விற்பனை, பாடத் தயாரிப்பு, தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் அதே தெளிவைத் தர வேண்டும். நெருக்கி வாங்கிய ராஜினாமாவை ஆட்குறைப்பாகவே கருத வேண்டும். அது தானாகக் கொடுத்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் இருக்க வேண்டும். செயலி ஆசிரியர்களைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவரும் திருத்தத்தை ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். அலுவலகம் பெங்களூருவிலும் ஊழியர் அருமனையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவராகவும் இருந்தால், அவர் புகாரை நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகமே வாங்கிப் பதிவு செய்து, நிறுவனத்தை விசாரணைக்கு அழைக்க வேண்டும்.