லயத்துக்குப் பின்னால் நான்கு சுக்கினிச் செடிகள்

நம் பக்கத்தில் சுக்கினி என்றால் ஹோட்டலுக்குப் போகிற மரக்கறி. கொழும்பு சுப்பர்மார்க்கட்டிலும் இருக்கும். நம் வீட்டுச் சட்டிக்கு வருவது அபூர்வம். "அது வெள்ளைக்காரன் சாமான், நமக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் அதிகம். இந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும் யாருடைய சாமான்? சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட காலத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் மேசைக்காகக் கொண்டுவந்த மரக்கறிகள், இன்று நம் சோற்றுக்குக் கறியாகிவிட்டன. சுக்கினியும் பூசணிக் குடும்பத்துப் பிள்ளைதான். அதைப் பழுக்கவிடாமல் பிஞ்சிலேயே பறித்து உண்கிறோம், அவ்வளவே வித்தியாசம்.

நல்லதண்ணிக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம், இது படர்ந்து ஓடாது. பெரும்பாலான சுக்கினி இனங்கள் ஒரே இடத்தில் குத்தாக நிற்கும். ஒரு செடிக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். லயத்துக்குப் பின்னால் கிடக்கும் துண்டு நிலத்தில் நான்கு செடி வைக்கலாம். இடமே இல்லாதவர் பழைய உரப்பையில் மண்ணும் மக்கிய மாட்டெருவும் நிரப்பி வைக்கலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: விதை போட்டு ஐம்பது, அறுபது நாளில் காய் கிடைத்துவிடும். நிற்கிற நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு இது பெரிய விஷயம். ஆனைக்கொய்யா நட்டால் காய்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தை விட்டுவைப்பார்களா என்று யாருக்குத் தெரியும்?

மே மாதம் தொடங்கும் பருவமழையில் இதை நடாதீர்கள். இலையில் பூஞ்சணம் பிடிக்கும், அடி அழுகும். டிசம்பர் கடைசியில் நட்டால் பெப்ரவரி, மார்ச்சில் காய் வரும். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிற காலமும் அதுதான். வீட்டுக்கு மிஞ்சியதைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாம்.

"பூக்குது, காய்க்குதில்லை" என்பதுதான் இதை வைத்துப் பார்த்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. செடியில் ஆண் பூ, பெண் பூ என்று இரண்டு உண்டு. மெல்லிய காம்போடு நிற்பது ஆண் பூ. பெண் பூவின் பின்னால் விரலளவு பிஞ்சு இருக்கும். நம் ஊர் மூடுபனியிலும் தூறலிலும் தேனீ வராது. ஆகவே தேனீயின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் போதும். காலையிலேயே செய்யவேண்டும், மத்தியானத்துக்கு முன் பூ மூடிவிடும். பிறகு பிஞ்சுக்குக் கடதாசிப் பையொன்றைக் கட்டிவிட்டால் பழ ஈ குத்தாது. ஒரு சாண் நீளத்தில் பறித்துவிடுங்கள். பறிக்கப் பறிக்கத்தான் செடி காய்க்கும். பாற்கறி வைக்கலாம், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டலாம். கசந்தால் மாத்திரம் சாப்பிடக் கூடாது, கொட்டிவிட வேண்டும். அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும்.

சத்தைப் பற்றி மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சுக்கினியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். பருப்புக்கும் முட்டைக்கும் இது ஈடாகாது. வெறும் சோறும் சம்பலுமாக முடிகிற சாப்பாட்டில் ஒரு மரக்கறி சேரும். அதுவே எனக்குப் போதுமான காரணம்.

ஆனால் காலையில் பூத் தொடுவது யார்? கொழுந்தெடுக்கும் தாய் அந்த நேரத்தில் பெரட்டுக்குப் போயிருப்பார். மாலையில் தண்ணீர் ஊற்றுவதும் அவர் தலையில்தான் விழும், இல்லாவிட்டால் மூத்த மகளின் தலையில். பெற்றோரே, வீட்டுத்தோட்டம் போடுவதானால் மகனையும் அதில் இறக்குங்கள். உயர்தரம் படிக்கும் மகளுக்கு மட்டும் இன்னொரு வேலையைக் கூட்டிவிடாதீர்கள்.

2022இல் நாடு தடுமாறியபோது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்தெடுப்பவருக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. நாள் சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த காலம் அது. எங்களுடையது பஸாரில் ஒரு சின்னக் கடை. அந்த வருடத்துக் கடன் கொப்பியில் மரக்கறி வரிகள் மெல்ல மெல்லக் காணாமற்போனதை நான் பார்த்தேன். கடைசியில் மாவும் பருப்பும் மட்டுமே மிஞ்சின.

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சொல்வோர் முதலில் தோட்டம் எங்கே என்று கேட்க வேண்டும். நம்மூரில் தோட்டம் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழும் குடும்பத்துக்குப் பின்புறத் துண்டு நிலம் நிர்வாகம் விட்டுவைக்கும் வரைதான். புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்றார்கள். அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடும் மலசலகூடமும் நடைபாதையும் போனாலும், பின்னால் ஆனைக்கொய்யா ஒன்றும் தேசி ஒன்றும் வைக்க இடம் மிஞ்சும். அதற்கு உறுதிப்பத்திரம் கையில் இருக்கவேண்டும். அது எல்லா லயத்துக்கும் வந்து சேரும்வரை, ஐம்பது நாளில் காய்க்கும் செடிகளை வைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.