சுருங்கிக்கொண்டே போன ஜாதவ்பூர் திட்டம்

தெற்குக் கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இருக்கும் சாலைக்கு ராஜா சுபோத் சந்திர மல்லிக்கின் பெயர். மல்லிக் எந்தச் சீமையையும் ஆண்டவரல்ல. வங்கப் பிரிவினை எதிர்ப்பு கொழுந்துவிட்டு எரிந்த 1905 நவம்பரில், அந்நிய ஆட்சியின் பிடியில் இல்லாத கல்விக்கு ஒரு லட்ச ரூபாய் தருகிறேன் என்றார். பட்டம் சூட்டியது அரசல்ல, ஊர்மக்கள். கௌரிப்பூர் ஜமீன்தார் பிரஜேந்திர கிஷோர் ராய்சௌத்ரி ஐந்து லட்சம் தந்தார். அடுத்த ஆண்டு தேசியக் கல்வி மன்றம் உருவானது. தொழிற்கல்விதான் முதலில் வேண்டும் என்று பிரிந்து நின்ற தாரக்நாத் பாலித்தின் அணி, 1906 ஜூலை 25 அன்று வங்கத் தொழில்நுட்பப் பள்ளியைத் தனியே தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் இரு அணிகளும் ஒன்றாகிவிட்டன.

அதே 1906-இல்தான் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தார். ஐந்தே ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. கொல்கத்தாப் பள்ளியோ 1921-இல் நாட்டிலேயே முதன்முதலாக வேதிப் பொறியியலைக் கற்பிக்கத் தொடங்கி, 1955-இல் பல்கலைக்கழகமாகி, 1966-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கணினியையே கட்டியது. கப்பலை ஒழிக்க வெள்ளையரின் வணிகப் போட்டியும் சிறையும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு நேரடியான பகைவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கு வந்த பெருங்கொடைகள், கொடுத்தவரின் ஆர்வம் தணிந்த பிறகும் பலன் தரும்படி எழுதிவைக்கப்பட்டவை.

இன்று பல்கலைக்கழகங்களில் நீண்டகாலத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அட்டையில் உதயசூரியன் படமும் உள்ளே வண்ண வரைபடங்களுமாக 'தொலைநோக்கு' ஆவணம் ஒன்று எல்லா நிர்வாக அலுவலகங்களிலும் இருக்கிறது. அதில் எழுதியதற்கு ஏழாவது ஆண்டில் யார் பணம் கட்டுவார், அப்போது துணைவேந்தர் நாற்காலியில் ஒருவர் இருப்பாரா என்ற இரண்டும் தெரியாதவரை அது வெறும் ஆசைப் பட்டியல்தான்.

ஜாதவ்பூருக்கு நடந்ததைப் பாருங்கள். ஒன்றிய அரசின் உயர் சிறப்பு அந்தஸ்துத் திட்டத்தில் சேர, 15 ஆண்டுத் தொலைநோக்கும் 5 ஆண்டுச் செயல்திட்டமும் கேட்டார்கள். தேர்வாகும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாண்டில் 1,000 கோடி ரூபாய் வரை கிடைக்கும். ஜாதவ்பூர் 3,299 கோடிக்குத் திட்டம் போட்டது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. மீதிப் பணத்துக்கு மாநிலம் பொறுப்பேற்க வேண்டும் என்பது நிபந்தனை. மேற்கு வங்க அரசு மறுத்தது. திட்டம் குறைக்கப்பட்டது, மறுபடியும் குறைக்கப்பட்டது, கடைசியில் 606 கோடியில் வந்து நின்றது. இந்த அளவு போதாது, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றது நிபுணர் குழு. பதினைந்து ஆண்டுக் கனவின் ஆயுள் ஐந்தாண்டுகூட இல்லை. அதே மாநிலத்தின் கரக்பூர் ஐஐடி 2019-இலேயே அந்தஸ்தைப் பெற்றது. ஒன்றிய அரசின் நிறுவனம் என்பதால், இரண்டு அரசுகளின் சம்மதத்துக்காக அது காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பெரும்பங்கு நாம் தர, பெயர் டெல்லிக்குப் போவதா என்று கொல்கத்தா கேட்டால் அதில் நியாயமுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இதே வாய்ப்பு வந்தபோது, 69 விழுக்காடு இடஒதுக்கீடு என்னவாகும் என்று தமிழகம் கேட்டதும் நியாயமே. நிதியைப் பல்கலைக்கழகமே திரட்டிக்கொள்ளும் என்று அன்றைய துணைவேந்தர் சூரப்பா 2020-இல் ஒன்றிய அரசுக்கு நேரடியாகக் கடிதம் எழுதியது பெரும் சர்ச்சையாகி, கடைசியில் தமிழக அரசு அந்தஸ்தே வேண்டாம் என்றது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. என் குறை வேறு. 'அந்தப் பணம் வேண்டாம், அதற்கு ஈடாக நாங்கள் இவ்வளவு தருகிறோம்' என்று பத்தாண்டுக் கணக்கு ஒன்றை இரண்டு அரசுகளுமே பல்கலைக்கழகத்தின் கையில் கொடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதன் விளைவு மிகச் சாதாரணமாகத் தெரியும். மூன்றாண்டு ஆய்வுத் திட்டப் பணத்தில் விலையுயர்ந்த கருவி ஒன்று வரும். திட்டம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் காசு இருக்காது. இயக்கத் தெரிந்த தொழில்நுட்பர் தற்காலிகப் பணியாளர், அவரும் போய்விடுவார். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு ஆகும். இன்று நியமிக்கும் பேராசிரியர் முப்பது ஆண்டு இருப்பார். இவற்றையெல்லாம் மார்ச் மாதத்தோடு முடிகிற வரவு செலவில் அடக்கப் பார்க்கிறோம். 2022-இல் ஜாதவ்பூர் துணைவேந்தர் நிதி நெருக்கடியைச் சொல்லி முன்னாள் மாணவர்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

நாற்காலியின் கதை இதைவிட மோசம். 2023 ஆகஸ்டில் விடுதி மாணவர் ஒருவர் இறந்து நாடே அதிர்ந்தபோது, ஜாதவ்பூருக்கு முழுநேரத் துணைவேந்தர் இல்லை. அவசரமாகப் பொறுப்பேற்றவரை, டிசம்பர் 24 பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஆளுநர் நீக்கினார். விழாவை நீக்கப்பட்டவரே நடத்தட்டும் என்றது மாநில அரசு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர்களைத் தேர்ந்தெடுக்க முன்னாள் தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையில் உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் குழு அமைக்க வேண்டியதாயிற்று. நாம் சிரிப்பதற்கில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்ததும், நிர்வாகம் ஒரு குழுவின் கைக்குத்தான் போனது. அடுத்த வாரம் யார் கையெழுத்திடுவார் என்று தெரியாத இடத்தில் 2040-ஐப் பற்றி யார் பேசுவது?

ஆகவே, தொலைநோக்கு ஆவணங்களைக் கொஞ்சகாலம் நிறுத்திவைக்கலாம். முதல் வேலை, பத்தாண்டு மானியத்தை ஆண்டுதோறும் கெஞ்சத் தேவையில்லாதபடி சட்டமன்றத்தில் சட்டமாக்குவது. துணைவேந்தரின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரின் பெயர் வந்தாக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். முன்னாள் மாணவர் தரும் ரூபாய்க்கு ஈடாக அரசும் ஒரு தொகையை வைப்பு நிதியில் போடலாம். சிங்கப்பூரில் அது பழைய வழக்கம். வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதியில் ஆளுங்கட்சி மாறினாலும் எவரும் எளிதில் கைவைக்க முடியாது.

1978 செப்டம்பரில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 2028-இல் ஐம்பது வயது. விழாவுக்குப் பந்தல் போடுமுன், அப்படி ஒரு சட்டத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றட்டும்.