விதி எங்கே குடியிருக்க வேண்டும்?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி என்றதும் நம் கண்முன் நிற்பது திரைதான். அத்திரைக்குப் பின்னால் கணக்குகள் யாவும் தங்கியிருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே தரவுத்தளம். தொழிலின் விதிகளைத் திரையை இயக்கும் நிரலில் எழுதுவதா, தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதுவதா என்பது கணிப்பொறித் துறையில் நெடுநாளைய வழக்கு. இந்த வழக்கின் தீர்ப்பு எங்கள் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அனந்தபுரம் பக்கத்தில் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. எங்களுடையதும் அதில் ஒன்று. நாங்கள் பால் ஊற்றும் இடத்தில் ஒருநாள் மின்சாரம் நின்றது. அன்றைய கணக்கைத் தாளில் குறித்து, பிறகு வேறொரு நிரல் வழியாக ஏற்றினார்கள். 'ஓர் உறுப்பினருக்கு ஒரு வேளைக்கு ஒரே பதிவு' என்ற விதி பழைய நிரலில் இருந்தது; புதியதில் இல்லை. ஒரே பால் இரண்டு முறை ஏறியது. அடுத்த பட்டுவாடாவில் காரணம் சொல்லாமல் பணத்தைப் பிடித்தார்கள். படிக்கத் தெரியாத என் அம்மா, "நம்ம பால்ல என்னடா குத்தம்?" என்று கேட்டார். பாலில் குற்றமில்லை. விதியை வைத்த இடத்தில்தான் குற்றம்.

உறுப்பினர் எண், தேதி, வேளை ஆகிய மூன்றும் சேர்ந்து இருமுறை வரக்கூடாது என்று தரவுத்தளத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால், இரண்டாம் பதிவு எந்த வழியாக வந்திருந்தாலும் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

நம் செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அது. ராஜகிரிக்கு ஏறும் வழியில் வாயில் மேல் வாயிலாக இருக்கின்றன. ஆயினும் உச்சிக்குச் சற்று முன்னே ஒரு பெரும் பிளவு. அதைக் கடக்க ஒரு சிறு பாலம். கீழ் வாயில்களைக் கடந்து வந்தவனும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும். தரவுத்தளத்தில் எழுதும் விதி அந்தப் பிளவைப் போன்றது.

ரயில் முன்பதிவும் இதையே சொல்கிறது. 1985இல் டெல்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியது. 2002இல் இணையவழிச் சீட்டு வந்தது. பிறகு கைபேசியும் வந்தது. வாசல்கள் பெருகின. ஒரு படுக்கையை இருவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு வாசலின் பொறுப்பிலும் விட்டிருந்தால் என்னவாகும்?

அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த ஆசையும் பழையதுதான். 1980களின் பிற்பகுதியில் சைபேஸ் நிறுவனமும், 1992இல் ஆரக்கிள் 7உம் தரவுத்தளத்துக்குள்ளேயே நிரல்களைச் சேமித்து இயக்க வழிசெய்தன. ஆனால் ஆரக்கிளுக்கு எழுதியது மைக்ரோசாப்ட்டின் தரவுத்தளத்தில் அப்படியே ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரஸுக்கு மாற நினைத்தால் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். மேலும், கூட்டம் கூடினால் நிரலை இயக்கும் கணிப்பொறிகளை இரண்டுக்கு நான்காகப் பெருக்கிக்கொள்ளலாம். தரவுத்தளத்தை அவ்வளவு எளிதில் பெருக்க முடியாது. அதன் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே நான் வைக்கும் உரைகல் ஒன்றே. இவ்விதி மீறப்பட்டால் பதிவு பொய்யாகிவிடுமா? ஆம் எனில் அது உள்ளே இருக்கட்டும். ஒரு வேளைக்கு ஒரு பதிவு, பாலின் அளவு சுழியத்துக்கு மேல், இல்லாத உறுப்பினருக்குக் கணக்கில்லை என்பன இவ்வகை. மாறிவரும் நடைமுறையா? அது நிரலில் இருக்கட்டும். ரசீதின் அமைப்பு, குறுஞ்செய்தி அனுப்புவது ஆகியவை அவ்வகை. கொழுப்புச் சத்துக்கு ஏற்ற விலையோ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. விலைப்பட்டியலைத் தேதியோடு தரவுத்தளத்தில் வைத்து, பெருக்கிக் கூட்டும் வேலையை நிரலுக்கு விடலாம். விலை மாறினால் நிரலைத் தொட வேண்டாம். பழைய கணக்கும் கெடாது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் இத்தகைய நிரல்களை எழுதப் போகிறோம். நாம் எழுதாமல் விடும் ஒரு வரிக்காக, எங்கோ ஒரு தாய் தன் பாலின் மேல் சந்தேகம் கொள்ளக் கூடாது. காவலை வாசலிலும் வைப்போம், களஞ்சியத்திலும் வைப்போம்!